ஒரு ஜெபத்துக்கு ஒரு செயல்

ஓசூர்ப் பக்கம் வேலைக்கு வந்தவர்களுக்கு வாரக்கணக்கே வேறு. ஒரு வாரம் காலை ஆறு மணி ஷிப்ட், மறுவாரம் மதியம் இரண்டு மணி ஷிப்ட், அதற்கடுத்த வாரம் இரவு பத்து மணி ஷிப்ட். தூக்கம், சாப்பாடு, பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கும் நேரம் எல்லாம் அதற்கேற்ப மாறிக்கொண்டே இருக்கும். பணி ஓய்வுக்குப் பின் கெலவரப்பள்ளி அணைப் பக்கம் குடியிருக்கும் என்னிடம், எங்கள் சபைக்கு வரும் இளைஞர்கள் அடிக்கடி கேட்பது இது: "ஐயா, ஊர்ல இருந்தவரைக்கும் காலையும் சாயங்காலமும் குடும்ப ஜெபம் நடக்கும். இங்க வந்து ரூம் எடுத்துத் தங்கினதும் எல்லாம் விட்டுப்போச்சு. ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வர்றதே பெரும்பாடா இருக்கு. என்ன செய்யலாம்?"

கேட்பவர்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிக்காரர்கள் உண்டு. பக்கத்து அறையில் தங்கியிருக்கும் கத்தோலிக்கப் பிள்ளைகள் உண்டு. ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, அரைகுறைத் தமிழில் இதையே கேட்பவர்களும் உண்டு. இவர்கள் யாரும் விசுவாசத்தை விட்டவர்கள் அல்ல. விசுவாசத்தைத் தாங்கிப் பிடித்திருந்த ஊர்ப்பழக்கம் கைவிட்டுப் போனதால் தவிக்கிறவர்கள்.

அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நாள்தோறும் ஒரு சிறு ஜெபம். அந்த ஜெபத்தோடு பிணைத்து, இன்னொருவருக்காக ஒரு சிறு செயல். இந்த இரண்டையும் பிரிக்காதீர்கள். செயல் இல்லாத ஜெபம் வாயோடு நின்றுவிடும். ஜெபம் இல்லாத நற்செயல் கொஞ்ச நாளில் சலித்துப்போகும். சலிக்காவிட்டால் தற்பெருமையில் போய் முடியும். இரண்டும் சேர்ந்து நடந்தால் ஒன்று மற்றதைக் காப்பாற்றும். இத்தனை ஆண்டு மெஷின் பக்கத்திலும் சபையிலும் பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்ட உண்மை இது.

கடிகாரத்தை நம்ப வேண்டாம்

நம் ஊர்களில் ஜெபத்துக்கு நேரம் சொன்னது கோயில் மணி. கத்தோலிக்க ஊர்களில் காலை, நண்பகல், மாலை என மணி ஒலிக்க, வயலில் நிற்கிறவர்கூட நின்ற இடத்திலேயே மூவேளை செபம் சொல்வார். எங்கள் தென்பக்கத்து சி.எஸ்.ஐ. ஊர்களில் விளக்கு வைத்ததும் வீட்டுக்கு வீடு பாயை விரித்து வேதம் வாசிப்பார்கள். இது மிகப் பழைய வழக்கம். ஆதித் திருச்சபையின் சிறு கையேடான 'பன்னிரு அப்போஸ்தலரின் போதனை', கர்த்தர் கற்பித்த ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லச் சொல்கிறது. அதற்கும் முன்னே, ராஜாவின் தடையுத்தரவு வந்த பிறகும் மூன்று வேளை முழங்காலிட்ட தானியேலை நாம் அறிவோம்.

ஷிப்ட் வாழ்க்கையில் மணி உதவாது. விடியற்காலை ஐந்து மணி ஜெபம் என்று ஒருவர் தீர்மானித்தால், இரவு ஷிப்ட் வாரத்தில் அந்த நேரம் அவர் மெஷின் முன்னால் நிற்பார். மதிய ஷிப்ட் வாரத்தில், நள்ளிரவுக்குப் பிறகு படுத்த உடம்பு அப்போதுதான் ஆழ்ந்து தூங்கும். ஒரு வாரம் தவறும், மறுவாரம் மனம் குற்றப்படும், மூன்றாம் வாரம் ஜெபமே நின்றுவிடும். நல்ல பிள்ளைகள் பலர் இப்படித்தான் விட்டிருக்கிறார்கள்.

ஆகவே ஜெபத்தை நேரத்தோடு கட்டாதீர்கள், எந்த ஷிப்ட்டிலும் மாறாமல் நடக்கும் ஒரு காரியத்தோடு கட்டுங்கள். எழுந்ததும் முகம் கழுவுகிறீர்கள், அது மாறாது. கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கிறீர்கள். கேட்டில் கார்டைப் பஞ்ச் பண்ணுகிறீர்கள். டிபன் பாக்ஸைத் திறக்கிறீர்கள். படுக்கையை விரிக்கிறீர்கள். இவற்றில் மூன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். முகம் கழுவியதும் கர்த்தர் கற்பித்த ஜெபம். டிபனைத் திறக்கும்போது நன்றி. படுக்கை விரிக்கும்போது அன்று நடந்ததை ஆண்டவர் முன் ஒருமுறை திரும்பிப் பார்ப்பது. வேதவாசிப்புக்குப் பஸ் போதும். முன்பெல்லாம் சட்டைப்பையில் சின்னப் புதிய ஏற்பாடு வைத்திருப்போம்; இன்று கைப்பேசியிலேயே முழு வேதாகமமும் இருக்கிறது. ஒரு நாளுக்கு அரை அதிகாரம் போதும். அதிகம் வாசித்து விட்டுவிடுவதைவிட, கொஞ்சம் வாசித்துத் தொடர்வது நல்லது.

களைத்த உடம்போடு ஜெபிப்பது ஆண்டவருக்குப் புதிதில்லை. மாற்கு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தைப் பாருங்கள். கப்பர்நகூமில் சூரியன் மறைந்த பிறகும் வாசலில் கூட்டமாக நோயாளிகள். அவ்வளவு பேரையும் குணமாக்கிய இரவுக்கு மறுநாள், இருட்டோடு எழுந்து தனித்த இடத்துக்குப் போய் இயேசு ஜெபித்தார் என்கிறது. கைநிறைய வேலை இருந்தவரின் ஜெபம் அது. பதினேழாம் நூற்றாண்டில் பாரீஸ் நகரத்துக் கார்மேல் மடம் ஒன்றில் சமையல் வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸும், சட்டிபானைகளுக்கு நடுவே ஆண்டவர் தன்னோடு இருப்பதை இடைவிடாமல் நினைத்துப் பழகினார். 1691-இல் அவர் இறந்த பிறகு, அவருடைய கடிதங்களும் உரையாடல்களும் நூலாக வந்து, உலகமெங்கும் இன்றுவரை வாசிக்கப்படுகின்றன. அவர் குருவானவர் அல்ல, சமையல்காரர். கேன்டீனில் வேலை பார்க்கும் தம்பிகளுக்கு இதை நான் தவறாமல் சொல்வேன்.

பிடி அரிசி

ஜெபத்தோடு செயலைப் பிணைப்பது எப்படி என்பதை எனக்குக் கற்றுத்தந்தது எந்தப் புத்தகமும் அல்ல, எங்கள் அம்மாவின் அடுப்படிதான். உலைக்கு அரிசி அளந்து முறத்தில் கொட்டியதும், களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து, அடுப்புக்கு மேல் மாடத்தில் இருக்கும் தகர டப்பாவில் போடுவார்கள். போடும்போது உதடு அசையும். அன்றைக்கு யாருக்குச் சுகமில்லையோ, யார் வீட்டில் வேலையில்லையோ அவர்கள் பெயர் அந்த ஜெபத்தில் வரும். டப்பா நிறைந்ததும் அரிசி கோயிலுக்குப் போகும். அங்கே பல வீட்டு அரிசியும் ஒன்றாகச் சேர்ந்து, ஊழியத்துக்கும் ஏழைகளுக்கும் பயன்படும். பிடி அரிசிக் காணிக்கை என்று தமிழ்ச் சபைகளில் இதைச் சொல்வார்கள்.

இதில் கவனிக்க வேண்டியவை பல. வீட்டில் அரிசி தாராளமாக இருந்த நாளிலும் ஒரு பிடிதான், குறைவாக இருந்த நாளிலும் ஒரு பிடிதான். சமைத்து மிஞ்சியதிலிருந்து எடுப்பதில்லை, சமைப்பதற்கு முன்பே எடுப்பது. தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. எப்படியும் சமைக்கத்தான் வேண்டும். பணம் கையில் புழங்காத பெண்களும், தாங்களே முடிவெடுத்து, தங்கள் கையால் கொடுத்தார்கள். யாருக்குப் போகிறது என்று தெரியாது, யாரும் நன்றி சொல்லப்போவதும் இல்லை. என் மனைவி ஓசூரில் குடித்தனம் வந்த பிறகும் இந்தப் பழக்கத்தை விடவில்லை. காஸ் அடுப்பும் குக்கரும் வந்தன. டப்பா மட்டும் அப்படியே இருக்கிறது. டப்பா நிறைந்ததும், தெருக்கோடியில் கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் குடும்பங்களுக்குப் போகிறது.

அறையில் நான்கு பேர் சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் இளைஞர்கள் இதை நாளைக்கே தொடங்கலாம். சமைக்காதவர்கள் டீக்குக் கொடுக்கும் காசில் ஒரு டீயின் விலையை எடுத்து வைக்கலாம். எவ்வளவு என்பது பெரிதல்ல. ஜெபிக்கும்போதெல்லாம் கை எதையாவது கொடுத்துப் பழக வேண்டும்.

திருப்பத்தூரின் இரண்டு அண்ணன்கள்

இந்த வாழ்க்கையை முழுமையாக வாழ்ந்து காட்டியவர்கள் நமக்குத் தூரத்தில் இல்லை. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வழியாகப் போனால் நூறு கிலோமீட்டருக்குள் வந்துவிடும் திருப்பத்தூரில், 1921-இல் இரண்டு மருத்துவர்கள் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் சவரிராயன் ஏசுதாசன், தமிழர். மற்றவர் எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன், ஸ்காட்லாந்தில் கம்பளி நூல் ஆலை நடத்திய செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில், ஒரு வெள்ளைக்காரர் ஒரு தமிழருக்குத் தம்பியாக வாழ்ந்தார். ஏசுதாசன் 'பெரியண்ணன்', பேட்டன் 'சின்னண்ணன்'. சுற்றுவட்டார மக்களும் அவர்களை அப்படியே அழைத்தார்கள்.

இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை. கதர் உடுத்தினார்கள். தரையில் அமர்ந்து சைவச் சாப்பாடு சாப்பிட்டார்கள். தென்னிந்தியக் கோயில் கட்டடக் கலையைத் தழுவி, கோபுரத்தோடு ஒரு ஜெப ஆலயம் எழுப்பினார்கள். ஆசிரமத்தின் ஒரு நாள் என்பது ஜெபம், உடலுழைப்பு, மருத்துவமனை என்ற மூன்றும் சேர்ந்தது. முழங்காலில் நின்றவர்களே எழுந்துபோய்ப் புண்ணுக்குக் கட்டுப் போட்டார்கள். கட்டுப் போட்ட கைகளே மறுபடி கூப்பி நின்றன. ஜெபிக்க ஓர் ஆள், தொண்டு செய்ய வேறோர் ஆள் என்ற பிரிவினை அங்கே இருக்கவில்லை.

அவர்கள் பழகிய எளிமை, சோதனை வந்தபோதும் கைகொடுத்தது. 1932-இல் சென்னையில் அந்நியத் துணிக்கு எதிரான மறியல் நடந்த நாட்களில், கதர் உடையில் அங்கே நின்ற பேட்டனைப் போலீசார் அடித்து, சாயத் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். அந்தச் செய்தி பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரைக்கும் போனது. அடிபட்டவர் நினைத்திருந்தால் தன் நிறத்தையும் குடும்பப் பெயரையும் காட்டிப் பெரிய மரியாதையோடு வாழ்ந்திருக்கலாம். அவரோ திருப்பத்தூருக்குத் திரும்பி, சின்னண்ணனாகவே இருந்து, நோயாளிகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். தினமும் உடுத்திய உடை, தினமும் சாப்பிட்ட சாப்பாடு, தினமும் தொட்ட நோயாளி, இவையெல்லாம் சேர்ந்து அவரை யார் பக்கம் நிற்க வேண்டுமோ அவர்கள் பக்கம் ஏற்கெனவே நிறுத்தியிருந்தன. நெருக்கடி வந்த அன்று புதிதாக முடிவெடுக்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

நம்மால் ஆசிரமத்துக்குப் போக முடியாது. குடும்பம், கடன், பிள்ளைகள் படிப்பு எல்லாம் இருக்கிறது. ஆனால் அவர்கள் நாளை அமைத்த முறையை ஒற்றை அறையிலும் அமைக்கலாம். ஜெபித்துவிட்டு எழுந்ததும் முதலில் செய்யும் காரியம் வேறொருவருக்காக இருக்கட்டும். இரவு ஷிப்ட் முடிந்து வரும் அறைத்தோழனுக்கு வெந்நீர் வைப்பதாக இருக்கலாம். காய்ச்சலில் கிடப்பவனுக்குக் கஞ்சி வாங்கி வருவதாக இருக்கலாம். ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டு, அவசரப்படாமல் பேசுவதாகவும் இருக்கலாம்.

பார்த்துவிட்டு டிக் போடுங்கள்

ஷிப்ட் தொடங்கும்போது ஒவ்வொரு மெஷினிலும் ஒரு செக் ஷீட் தொங்கும். ஆயில் அளவு சரியா, கூலன்ட் இருக்கிறதா, கார்டு மூடியிருக்கிறதா, எமர்ஜென்சி ஸ்விட்ச் வேலை செய்கிறதா என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றையும் பார்த்து டிக் போட வேண்டும். பார்க்காமலே மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில் டிக் போட்டுவிட்டுப் போவது எளிது. எவரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆனால் அந்த எமர்ஜென்சி ஸ்விட்ச் வேலை செய்யாவிட்டால், கை போவது அடுத்த ஷிப்ட்டில் வரும் கான்ட்ராக்ட் பையனுக்கு.

எங்கள் செக்‌ஷனில் மூத்த தொழிலாளி ஒருவர் இருந்தார். ஷீட்டை எடுப்பதற்கு முன் கண்ணை மூடி ஒரு கணம் நிற்பார். பிறகு குனிந்து ஆயில் கிளாஸைத் துணியால் துடைத்து, அளவைக் கண்ணால் பார்த்து, அந்த ஒன்றுக்கு மட்டும் டிக் போடுவார். அடுத்ததற்குப் போவார். ஸ்விட்சை அமுக்கி, மெஷின் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் அதற்கு டிக். உற்பத்திக் கணக்கு காட்டச் சொல்லி மேலே இருப்பவர் அவசரப்படுத்தினாலும், குரலை உயர்த்தாமல், "பாத்துட்டுப் போடுறேன் சார்" என்பார். எனக்குத் தெரிந்து அவர் யாருக்கும் பிரசங்கம் செய்ததில்லை. அந்த மெஷினில் வேலை பார்க்க எல்லோரும் விரும்பினார்கள், அதுவே அவருடைய சாட்சி.

எங்கள் சபையில் காய்கறி விவசாயி ஒருவர் இருக்கிறார். வீட்டில் தெலுங்கு, சந்தையில் தமிழ், எல்லை தாண்டினால் கன்னடம் பேசும் இந்தப் பக்கத்து மனிதர். தக்காளிக்கு மருந்து அடித்தால், குறித்த நாட்கள் கழிந்த பிறகுதான் அவர் பறிப்பார். ராயக்கோட்டை மண்டியில் விலை ஏறிக் கிடந்த ஒரு சமயத்தில்கூட, பக்கத்துத் தோட்டத்தில் பறிப்பு நடக்க, இவர் காத்திருந்தார். கேட்டதற்கு, "காலையில ஜெபத்துல எங்க பிள்ளைங்களுக்கு ஆரோக்கியம் கொடுங்கன்னு கேக்கறேன். இதைச் சாப்பிடறதும் யாரோட பிள்ளைங்களோதானே?" என்றார். ஜெபமும் தொழிலும் ஒன்றையொன்று தொடும் இடம் இதுதான். காலையில் எதற்காக ஜெபித்தோமோ, அதற்கு விரோதமாகப் பகலில் கை வேலை செய்யக் கூடாது.

ஆற்றில் வருவது

கெலவரப்பள்ளிக்கு வந்து பார்த்தவர்களுக்கு அணையில் மிதக்கும் நுரை தெரியும். நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் ஓரமாக வரும்போது பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியே வரும் கழிவுநீரைச் சேர்த்துக்கொண்டு, கொடியாளம் பக்கம் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து இங்கே வருகிறது. மழைக்காலத்தில் தண்ணீர் பெருகி மதகுகளைத் திறந்தால், ஆள் உயரத்துக்கு நுரை எழும்பித் தரைப்பாலத்தை மூடும். 44.28 அடி உயரமுள்ள இந்த அணையை நம்பி, சுமார் 8,000 ஏக்கர் பாசனம் இருக்கிறது. ஆலைக் கழிவும் அதில் உண்டு என்றாலும், பெரும்பங்கு வீடுகளின் சாக்கடையும் சோப்புத் தண்ணீரும்தான். ஒவ்வொரு வீட்டிலும் தினமும் போவது கொஞ்சம்தான். யாருக்கும் தீங்கு செய்யும் எண்ணமும் இல்லை. அந்தக் கொஞ்சம் நாள்தோறும் சேர்ந்து இங்கே நுரைமலையாக நிற்கிறது. தினசரிப் பழக்கத்தின் பலம் எவ்வளவு என்பதற்கு இதைவிட எனக்கு வேறு சான்று வேண்டாம். தீமைக்கு இவ்வளவு பலம் என்றால், நாள்தோறும் செய்யும் நன்மைக்கும் அதே பலம் உண்டு என்று நம்புகிறேன்.

இதை ஆழமாகச் சிந்தித்த தமிழ்க் கிறிஸ்தவர் ஜே.சி. குமரப்பா. 1892-இல் தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் பட்டயக் கணக்காளராகப் பயின்று, பிறகு காந்தியடிகளோடு சேர்ந்து கிராமத் தொழில்களுக்காக உழைத்தவர். 1940-களில் சிறையில் இருந்தபோது, இயேசுவின் நடைமுறையையும் போதனையையும் பற்றி ஒரு நூல் எழுதினார். இயேசுவைப் பின்பற்றுவது என்றால் அவர் வழியில் நடப்பது என்று அவர் உறுதியாகச் சொன்னார். ஒரு பொருளை வாங்குகிறவருக்கு, அது உண்டான விதத்திலும் பொறுப்பு உண்டு என்பது அவர் பொருளாதாரச் சிந்தனையின் அடிப்படை. கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் டி.கல்லுப்பட்டியில் எளிமையாக வாழ்ந்து, 1960-இல் காலமானார். சோப்புத் தூளைக் கைநிறைய அள்ளிப் போடாமல் வேண்டிய அளவு போடுவதும், தண்ணீர்க் குழாயை மூடுவதும், வாங்கிய பொருளை வீணாக்காமல் இருப்பதும் குமரப்பா காட்டிய வழியில் விசுவாச வாழ்க்கையின் பகுதிகளே. நமக்குக் கீழே, சாத்தனூர் வரைக்கும் அதற்கு அப்பாலும், இதே ஆற்றுத் தண்ணீரை நம்பி வாழும் அயலார் இருக்கிறார்கள்.

வறண்ட நாட்கள்

தினமும் ஜெபித்தால் தினமும் மனம் உருகும் என்று எண்ண வேண்டாம். வார்த்தைகள் வெறும் சத்தமாகத் தோன்றும் நாட்கள் வரும். ஓ.டி. பார்த்து உடம்பு ஓய்ந்த வாரத்தில் கர்த்தர் கற்பித்த ஜெபத்தை முடிப்பதற்குள் தூக்கம் வந்துவிடும். அப்படிப்பட்ட நாளில் அந்த ஒரு பிடி அரிசியையாவது எடுத்து வையுங்கள். வாய் ஓய்ந்த நாளில் கை ஜெபிக்கும். உதவி செய்யவே மனமில்லாமல் கசந்துபோன நாளில், யாரிடம் கசப்போ அவர் பெயரை ஜெபத்தில் சொல்லுங்கள். நாளுக்கு ஒருமுறை ஒருவர் பெயரைச் சொல்லி ஆசீர்வதித்துக்கொண்டே அவர்மேல் நெடுநாள் பகை வைத்திருப்பது கடினம். ஒரு நாள் முழுவதும் தவறிவிட்டால், அடுத்த நாள் இரட்டிப்பாகச் செய்ய முயலாதீர்கள். விட்ட இடத்திலிருந்து வழக்கமான அளவோடு தொடருங்கள்.

சபையின் மூப்பர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் கூட்டங்கள் எல்லாம் பகல் வேலை பார்க்கிறவர்களுக்கென்றே வகுக்கப்பட்டிருக்கின்றன. வாரத்தில் ஒரு நாள், காலை ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்காக மாலை நான்கு மணிக்கும், மதிய ஷிப்ட் போகிறவர்களுக்காகக் காலை பத்து மணிக்கும் நம் வீடுகளின் கதவைத் திறந்து வைப்போம். பத்து நிமிடம் ஜெபம், அதற்குப் பிறகு ஒரு வேளைச் சாப்பாடு. ஊரை விட்டு வந்த பிள்ளைக்கு இது பெரிய ஆதரவு. பழைய ஊர்களில் கோயில் மணி செய்த வேலையை, இந்தத் தொழில் நகரத்தில் பெரியவர்களின் வீடுகள் செய்யட்டும்.

தம்பிகளே, தங்கைகளே, பெரிய தீர்மானங்களுக்காகப் புத்தாண்டு ஆராதனை வரை காத்திருக்காதீர்கள். உங்கள் நாளில் மாறாமல் நடக்கும் ஒரு காரியத்தை இன்றைக்கே தேர்ந்து, அதோடு ஒரு ஜெபத்தைக் கட்டுங்கள். அந்த ஜெபத்தில் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள். நாள் முடிவதற்குள் அந்த ஒருவருக்காக ஏதேனும் ஒன்றைச் செய்துவிடுங்கள். நாளைக்கும் அதையே செய்யுங்கள். இரவோ பகலோ, எந்த ஷிப்ட்டானாலும், உழைக்கிற கைகளோடு ஆண்டவர் இருக்கிறார்.